மூத்த மாப்பிள்ளை வாங்கிய ஐஸ்

எங்கள் மாமனார் வீட்டில் விஸ்கி பாட்டிலின் மூடியைத் திருகும் உரிமை மூத்த மாப்பிள்ளைக்கு உண்டு. அந்த மூத்த மாப்பிள்ளை நான், ஆன்டனி ராஜ். பதினேழு வருஷமாகக் கிறிஸ்துமஸ், ஈஸ்டர், கோயில் திருவிழா எதுவானாலும் மாமனார் சவேரியார் பாட்டிலைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து என் முன்னால்தான் வைப்பார். நான் திருகுவேன். மூடி உடைகிற சத்தம் கேட்ட பிறகுதான் மற்ற ஆண்கள் சம்மணம் போட்டு உட்காருவார்கள். ஐந்து கிளாஸை வரிசையாக வைத்து ஊற்றினால் ஒன்றுக்கொன்று ஒரு சொட்டு வித்தியாசம் இருக்காது. இருபத்தைந்து வருஷம் விசைப்படகு ஓட்டியவன் கண் அது. ஊற்றி, தண்ணீர் கலந்து, வறுத்த நெத்திலித் தட்டை நடுவில் தள்ளுவேன். விஸ்கி குடிப்பதில் இதற்கு மேல் செய்ய ஒன்றும் கிடையாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், சகாயவினோத் கப்பலை விட்டு இறங்கி வரும்வரை.

சகாயவினோத் என் சகலை. என் மனைவி ஹெலனின் தங்கை ஜெர்லினைக் கட்டியவன். என்னைவிட ஒன்பது வயது இளையவன். வெளிநாட்டுச் சுற்றுலாக் கப்பலில் எட்டு வருஷம் பாரில் வேலை பார்த்தான். வருஷத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடுகிறவன், இந்த முறை ஒப்பந்தம் முடிந்து மொத்தமாக வந்துவிட்டான். அவன் வந்து சேர்ந்தது ஏப்ரல் பாதியில், மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய வாரம். அறுபத்தொரு நாளைக்குப் படகெல்லாம் கட்டிக் கிடக்கும். எனக்கு வேலை இல்லை. பொறாமைப்பட நேரம் நிறைய இருந்தது.

ஆமாம், பொறாமைதான். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. அவனுக்கு வரிசையான பல் இருந்தது, இங்கிலீஷ் இருந்தது, அடுத்தடுத்து இரண்டு பெண் குழந்தைகள் இருந்தன. நடக்கும்போது சட்டை கசங்கவே கசங்காது. இத்தனையும் வைத்துக்கொண்டு மனுஷன் கொஞ்சம் திமிராகவாவது இருக்கக்கூடாதா? அதுவும் இல்லை. "அண்ணே, அண்ணே" என்று என் பின்னாலேயே சுற்றினான்.

வந்த முதல் ஞாயிறு பூசை முடிந்து மாமனார் வீட்டில் கூடினோம். மாமனார் வழக்கம்போல் பாட்டிலை என் முன்னால் வைத்தார். நான் திருகினேன். ஊற்றப் போகும்போது சகாயவினோத் எழுந்து வந்தான்.

"அண்ணே, ஒரு நிமிசம். இன்னைக்கு நான் ஒண்ணு போட்டுத் தாரேன்."

பாட்டிலை என் கையிலிருந்து பிடுங்கினான் என்று சொல்ல ஆசை. ஆனால் வாங்கினான். இரண்டு கையாலும், மரியாதையாகத்தான் வாங்கினான்.

பையிலிருந்து மூடி போட்ட எவர்சில்வர் குவளை ஒன்றையும், இரண்டு பக்கமும் வாய் உள்ள சின்ன அளவுக் கோப்பை ஒன்றையும் எடுத்தான். காலையிலேயே என் மாமியார் யாகப்பம்மாளிடம் சொல்லிச் சீனிப்பாகு தயார் பண்ண வைத்திருக்கிறான். சீனியும் தண்ணீரும் சரிபாதி, கொதிக்க வேண்டாம், கரைந்தால் போதும், ஆறவிட வேண்டும். அறுபது மில்லி விஸ்கி, முப்பது மில்லி எலுமிச்சைச் சாறு, இருபது மில்லி பாகு. எல்லாம் அளந்து. குவளை நிறைய ஐஸைப் போட்டு, மூடி, தோளுக்கு மேலே தூக்கிக் குலுக்கினான். என்ன குலுக்கல்! குவளையின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பனி பூத்தது. அடுப்படி வாசலில் பெண்கள் எல்லோரும் வந்து நின்றுவிட்டார்கள். மூடியில் இருந்த ஓட்டை வழியாக வடித்து ஊற்றியபோது மேலே மெல்லிய நுரை கட்டியது.

மாமனார் வாயில் வைத்தார். கண்ணை மூடினார். இந்த மனிதர் என் கல்யாண பிரியாணியையே "பரவால்ல" என்று சொன்னவர்.

"ஏலே, இது நம்ம கடைச் சரக்காலே?" என்றார். "தொண்டையில எறங்குறதே தெரியலையேலே!"

மாமியாருக்கு விஸ்கி இல்லாமல் இஞ்சி தட்டிப் போட்டு ஒன்று கலக்கித் தந்தான். அவர் அதைக் குடித்துவிட்டு, "மருமகன் கையில என்ன பக்குவம்!" என்றார். பதினேழு வருஷத்தில் என் கையைப் பற்றி அந்தம்மா ஒரு வார்த்தை சொன்னது கிடையாது.

எனக்கும் ஒரு கிளாஸ் தந்தான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நன்றாக இருந்தது.

"புளிக்குது" என்றேன்.

அவன் முகம் கொஞ்சம் வாடியது. எனக்கு அன்று முழுக்க அதுவே போதுமானதாக இருந்தது.

ஆனால் அடுத்த ஞாயிறு இஞ்சிச் சாறும் சோடாவும் விட்டு உயரமான கிளாஸில் ஒன்று போட்டான். அதற்கடுத்த வாரம் புதினா. ஒவ்வொரு ஞாயிறும் கூட்டம் கூடியது. மாமனாரின் தம்பிகள், அடுத்த தெருக்காரர்கள், என் படகிலேயே வேலை பார்க்கும் இரண்டு பேர்கூட வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மூடியை இன்னமும் நான்தான் திருகினேன். ஆனால் அதைக் கவனிக்க ஒருத்தரும் இல்லை. "அண்ணே, நாலு பழம் நறுக்கித் தாங்களேன்" என்பான் சகாயவினோத். நான் நறுக்குவேன்.

இதெல்லாம்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் உயிர் போகிற விஷயம் வேறு.

ஹெலனின் தம்பி ரீகனுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து மார்ச் மாதம் ஓர் ஆண் குழந்தை பிறந்திருந்தது. மே கடைசி ஞாயிறு ஞானஸ்நானம் என்று முடிவாகியிருந்தது. அந்தக் குழந்தையைக் கையில் ஏந்தி, அதற்கு ஞானத்தகப்பனாக நான் நிற்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. மதுரை, ராமநாதபுரம், வேளாங்கண்ணி என்று போகவேண்டிய இடமெல்லாம் போய் வந்தாயிற்று. ஹெலனுக்கு நாற்பது முடிந்தபோது, இனிமேல் எங்கேயும் போக வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். ஞானத்தகப்பன் என்றால் கோயில் புத்தகத்தில் பெயர் எழுதுவார்கள். தகப்பன் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் என் பெயர் வர எனக்கு வேறு வழியே கிடையாது. ரீகன் பிள்ளை உண்டானதைச் சொன்ன நாளிலிருந்து மனதுக்குள் இதைத்தான் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

ஆனால் ரீகன் என்னிடம் கேட்கவே இல்லை. மே மாதம் பிறந்தது. முதல் வாரம் போனது. இரண்டாவது வாரம் போனது. ஞாயிறு தவறாமல் ரீகனும் சகாயவினோத்தும் மொட்டைமாடி மூலையில் நின்று குசுகுசுவென்று பேசினார்கள். நான் படியேறி வந்தால் பேச்சு நின்றுவிடும். ரீகன் சட்டென்று, "வாங்க மச்சான்" என்பான். சகாயவினோத் கையில் இருக்கும் கிளாஸை முதுகுக்குப் பின்னால் மறைப்பான். எனக்குப் புரியாதா? கிளாஸைக் குலுக்கிக் குலுக்கியே என் இடத்தையும் அவன் எடுத்துக்கொண்டான் என்று முடிவு பண்ணிவிட்டேன்.

ஹெலனோ ராமநாதபுரம் போய்க் குழந்தைக்கு வெள்ளைப் பட்டில் அங்கியும் தொப்பியும் வாங்கி வந்து கட்டிலில் பரப்பி வைத்தாள்.

"இது எதுக்கு?" என்றேன்.

"எதுக்கா? நம்மதான நிக்கிறோம். ஞானப்பெத்தவங்கதான உடுப்பு எடுக்கணும்?"

"உங்கிட்ட யாரும் சொன்னாங்களா?"

"இதப் போய் யாராச்சும் சொல்லுவாங்களா?"

"சொல்லல, கேக்கல, நீயா போய் உடுப்பு எடுத்துட்டு வந்திருக்க. அங்கன வேற ஆள் நிக்கப் போகுது. நீ உடுப்பக் கையில வச்சுக்கிட்டு முழிக்கப் போற."

"சந்தேகமா இருந்தா ரீகன்கிட்ட நீங்களே கேளுங்களேன்."

"கேட்டு வாங்குறதுக்கு அது என்ன ரேசன் அரிசியா?" என்று கத்திவிட்டு வெளியே போய்விட்டேன்.

போனவன் சும்மா இருந்திருக்கலாம். அவன் செய்வதை என்னாலும் செய்ய முடியும் என்று காட்ட வேண்டும் போல் இருந்தது. மறுநாள் ஹெலன் சந்தைக்குப் போன நேரம் பார்த்து ஒரு குவார்ட்டர் வாங்கி வந்தேன். குலுக்க ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். பாகு காய்ச்சினேன். கரைந்தால் போதும் என்பதை மறந்து கொதிக்கவிட்டு, அது கம்பிப் பதத்துக்குப் போய்க் கரண்டியோடு ஒட்டிக்கொண்டது. இரண்டாவது தடவை சரியாக வந்தது. எங்கள் வீட்டு ஃபிரீசரில் சீலா மீன் துண்டுகள் இருக்குமே தவிர ஐஸ் இருக்காது. ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் சுஐபுவிடம் போய் ஒரு வாளி வாங்கி வந்தேன். அளந்து ஊற்றி, தோளுக்கு மேலே தூக்கிக் குலுக்கினேன். மூடி கழன்று பாதி சுவரில் அடித்தது. மீதியைக் குடித்துப் பார்த்தேன். உவர்ப்பு. உவர்ப்புக்குப் பின்னால் ஒரு கவிச்சை. கணக்கில் தப்பு இல்லை, கையிலும் தப்பு இல்லை.

அந்த நேரம் ஹெலன் வந்துவிட்டாள். சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கிளாஸை வாங்கி நாக்கில் வைத்தாள்.

"இறால் அலசுன தண்ணி மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்கமாட்டாமல் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

நான் வாளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குற்றம் ஐஸில்தான். மீனுக்குப் போடும் ஐஸை ஆழ்துளைக் கிணற்று உப்புத்தண்ணீரில்தான் போடுவார்கள். அது கிடக்கும் தரையில் எத்தனை வருஷத்து இறாலும் கணவாயும் கிடந்து போயிருக்கும். என் சகலையின் அத்தனை வித்தையும் ஐஸ் கட்டியின் மேல்தான் நிற்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. தெரிந்ததும் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. நல்ல சந்தோஷம் இல்லை அது.

ஞானஸ்நானத்துக்கு நான்கு நாள் முன்னால் மாமனார் வீட்டில் வேலைகளைப் பிரித்துக்கொண்டோம். விருந்துக்கு ஆண்கள் மட்டும் எண்பது பேர். அவர்களுக்கு மொட்டைமாடியில் பந்தல். அங்கே விஸ்கி முழுக்க சகாயவினோத் பொறுப்பு.

"அண்ணே, ஐஸ் மட்டும் நீங்க பாத்துக்கங்க" என்றான் அவன். "குடிக்கிற தண்ணியில போட்ட ஐஸு. பாக்கெட்டுல வரும். உச்சிப்புளியில ஒரு கடையில இருக்கு. நாப்பது கிலோ போதும். அது சரியில்லன்னா எல்லாமே போச்சு. ஐஸப் பத்தி உங்களுக்கு நான் சொல்லணுமா?"

"பாத்துக்கிறேன்" என்றேன்.

அன்றைக்கும் ரீகன் என்னிடம் ஞானத்தகப்பன் பேச்சை எடுக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம்வரை காத்திருந்தேன். ஹெலன் என்னைப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகச் சொல்லித் துரத்தினாள். போனேன். கோபத்தில் பேசியது, பூசைக்குப் பிந்திப் போனது எல்லாம் சொன்னேன். ஐஸைப் பற்றிச் சொல்லவில்லை. இன்னும் செய்யாத பாவத்தைச் சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லையே.

ஞாயிறு காலை ஐந்தரைக்கு ஐஸ் கம்பெனிக்குப் போனேன். தடைக்காலம் என்பதால் ஒரே ஒரு வரிசைதான் ஓடிக்கொண்டிருந்தது. சுஐபு கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான்.

"விசேச வீட்டுக்குன்னா இது ஆகாதுண்ணே. மீனுக்குப் போடுற ஐஸு" என்றான்.

"தெரியும். ஒடச்சுப் போடு."

ஒரு முழுக் கட்டியை உடைத்துப் பொடியாகாமல் துண்டு துண்டாகப் போட்டுத் தந்தான். கையோடு கொண்டு போயிருந்த புது வெள்ளைப் பைகளில் நிரப்பிக் கட்டினேன். பார்க்க அசல் கடைச் சரக்கு மாதிரியே இருந்தது. ஆறரைக்கு மாமனார் வீட்டு மாடியில் கொண்டுபோய் இறக்கினேன். சகாயவினோத் மேஜைக்கு வெள்ளைத் துணி விரித்துக்கொண்டிருந்தான்.

"ரொம்ப நன்றிண்ணே" என்றான்.

எண்பது பேர் முகம் சுளித்து, மாமனார் 'தூ' என்று துப்புவதை நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்து குளித்தேன்.

எட்டு மணிப் பூசை முடிந்து குடும்பம் முழுவதும் கோயில் முன்பக்கத்தில் ஞானஸ்நானத் தொட்டியைச் சுற்றிக் கூடியது. ஹெலன் அந்த வெள்ளைப் பட்டு அங்கியைக் குழந்தைக்கு அவள் கையாலேயே போட்டுவிட்டிருந்தாள். நான் வேண்டுமென்றே மூன்றாவது வரிசையில், தூண் பக்கம் நின்றேன். சகாயவினோத் முன்னால் போய் நிற்பதைப் பக்கத்திலிருந்து பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. ஆனால் அவனைக் காணோம். ஜெர்லின் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் வீட்டுக்காரரு எங்க?" என்று மாமியார் கேட்டார்.

"தெரியலம்மா. காலையில ஏழு மணிக்கு வண்டிய எடுத்துட்டுப் போனவரு. போனையும் எடுக்க மாட்டேங்கிறாரு" என்றாள் ஜெர்லின். அழுதுவிடுவாள் போல் இருந்தது.

எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. சாமி முன்னால் நிற்க நேரமில்லை, துரைக்கு. இவனையா ஞானத்தகப்பனாக எழுதினார்கள்?

அப்போது ரீகன் திரும்பி என்னைத் தேடினான்.

"மச்சான், அங்கன என்ன செய்றீங்க? சாமியாரு காத்துக்கிட்டு இருக்காரு, வாங்க."

போனேன். அவன் குழந்தையைத் தூக்கி என் கையில் வைத்தான். பாலும் பவுடரும் கலந்த வாடை அடித்தது. முழங்கையில் தலை, உள்ளங்கையில் கால். அவ்வளவுதான் அளவு.

"நானா?" என்றேன்.

"பின்ன? மூத்தவரு இருக்கையில வேற யாரு நிப்பா?"

"நீ எங்கிட்டக் கேக்கவே இல்லையேடா."

ரீகன் என்னை விசித்திரமாகப் பார்த்தான். "உங்ககிட்டப் போய்க் கேப்பாங்களா மச்சான்? கேட்டா, வேற ஆளும் மனசுல இருந்துச்சான்னு நீங்க கோவிக்க மாட்டீங்க?"

கோவித்திருப்பேன். சத்தியமாகக் கோவித்திருப்பேன். எங்கள் வீட்டில் அப்படித்தான். மூடியைத் திருகச் சொல்லிக்கூட இதுவரை யாரும் என்னிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. முன்னால் கொண்டுவந்து வைப்பார்கள். பதினேழு வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டு, இதற்கு மட்டும் வாயால் கேட்க வேண்டும் என்று காத்திருந்திருக்கிறேன்.

சாமியார் கேட்டார்: "சாத்தானை விட்டுவிடுகிறீர்களா?"

"விட்டுவிடுகிறேன்" என்றாள் ஹெலன். நான் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னை இடித்தாள். "விட்டுவிடுகிறேன்" என்றேன்.

"அதன் செயல்கள் அனைத்தையும் விட்டுவிடுகிறீர்களா?"

மாடியில், வெள்ளைப் பைகளில், நாற்பது கிலோ. அதை வைத்துக்கொண்டு, குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு, "விட்டுவிடுகிறேன்" என்று இன்னொரு முறையும் சொன்னேன். தண்ணீர் ஊற்றும்போது குழந்தை அழவில்லை. எனக்குத்தான் கண் கலங்கியது. பார்த்தவர்கள் எல்லோரும் அதைச் சந்தோஷக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டார்கள்.

பீடத்தின் முன்னால் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள். ஜெர்லின், "கொஞ்சம் பொறுங்களேன், அவரு வந்துருவாரு" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். அடுத்த ஞானஸ்நானத்துக்கு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். போட்டோக்காரர் பொறுக்கவில்லை.

எல்லோருக்கும் முந்தி மாமனார் வீட்டுக்கு ஓடினேன். அந்தப் பைகளை அவிழ்த்து மாடித் தண்ணீர்க் குழாய் ஓரம் கொட்டிவிட வேண்டும், ஐஸ் உருகிவிட்டது என்று சொல்லிவிட வேண்டும். படியேறிப் போய்ப் பார்த்தால் சகாயவினோத் மேஜைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அந்தச் சட்டை கசங்கி நான் பார்த்தது அன்றுதான். என்னிடம் அவன் ஏதும் சொல்வதற்குள் மாமனாரும் ரீகனும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு மேலே வந்துவிட்டார்கள்.

எங்கள் பக்கம் ஞானஸ்நான விருந்தில் முதல் கிளாஸ் ஞானத்தகப்பனுக்கு. அவர் குடித்து, நல்லா இருக்கு என்று சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்கு ஊற்றுவார்கள். எனக்கு அது அப்போதுதான் உறைத்தது.

சகாயவினோத் முழுப் பாட்டிலை இரண்டு கையாலும் எடுத்து என்னிடம் நீட்டினான்.

"மூத்தவங்க திருகுங்கண்ணே."

திருகினேன். அவன் கிளாஸில் விஸ்கியை அளந்து ஊற்றினான். பழுப்பாக ஒரு பாகை விட்டான். இஞ்சிச் சாறு நாலு சொட்டு. ஐஸைப் போட்டு, கரண்டியால் நிதானமாகக் கலக்கினான். ஆரஞ்சுத் தோலை ஒரு சீவல் சீவி, கிளாஸ் வாயில் முறுக்கிப் பிழிந்து, உள்ளே போட்டான்.

ரீகன் என் தோளில் கை போட்டான். "மூணு வாரமா நானும் அவரும் போட்டுப் போட்டுப் பாத்தது மச்சான். மொத நாள் நீங்க புளிக்குதுன்னு சொன்னீங்கள்ல? அதுலயிருந்து மனுசன் தூங்கல. எலுமிச்சையே இல்லாம, கருப்பட்டிப் பாகுல, உங்களுக்குன்னே செஞ்சது. உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னுதான் மூலையில ஒளிஞ்சு ஒளிஞ்சு செஞ்சோம்."

கிளாஸில் ஐஸ் துண்டுகள் கண்ணாடியாக மிதந்தன. எண்பது பேர் பார்த்தார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்த உவர்ப்புக்கும் கவிச்சைக்கும் தொண்டையைத் தயார் பண்ணிக்கொண்டு, வாயில் வைத்தேன்.

கருப்பட்டி வந்தது. அதற்குப் பின்னால் இஞ்சி. ஆரஞ்சு வாசனை மூக்கு வரை ஏறியது. மீன் இல்லை. உப்பு இல்லை.

"எப்டி இருக்கு மாப்ள?" என்றார் மாமனார்.

"நல்லா இருக்கு மாமா."

கைதட்டினார்கள். வரிசை முன்னால் நகர்ந்தது. நான் மேஜையைச் சுற்றிக்கொண்டு சகாயவினோத் பக்கத்தில் போய் நின்றேன். அவன் காலடியில் எனக்குத் தெரியாத ஒரு நீலப் பெட்டி, நிறைய ஐஸ்.

"இது எங்க வாங்குன?"

"உச்சிப்புளியிலண்ணே. கடைக்காரன் ஒம்பதரைக்குத்தான் கதவத் தொறந்தான். அதான் கோயிலுக்கு வர முடியல."

"நான் கொண்டாந்தது?"

"அந்தா, அண்டாவுல போட்டு சோடா பாட்டில்லாம் அடுக்கி வச்சிருக்கேன். குளிர வைக்க அது அருமையான ஐஸு."

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். கோயிலில் இரண்டு தடவை விட்டுவிட்டேன் என்று சொல்லி ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை.

"சுஐபு மாத்திக் குடுத்து என்னைய ஏமாத்திட்டான் போல" என்றேன்.

சகாயவினோத் அடுத்த கிளாஸுக்கு அளந்துகொண்டிருந்தான். கை நிற்கவில்லை.

"ஐஸுல உங்கள யாருண்ணே ஏமாத்த முடியும்?" என்றான். கோபமாகச் சொல்லவில்லை, குத்தலாகவும் சொல்லவில்லை. கிளாஸை வரிசையில் நின்ற ஆளிடம் நீட்டிவிட்டு, "அண்ணே, ரெண்டு ஆரஞ்சு சீவித் தாங்களேன்" என்றான்.

பல்லுக்கும் இங்கிலீஷுக்கும் பட்ட பொறாமையெல்லாம் எதில் சேர்த்தி? இவன் மாதிரி ஒரு நாள் இருந்துவிட முடியாதா என்று அந்த நிமிஷம் வயிறு எரிந்தது. கத்தியை எடுத்து ஆரஞ்சுத் தோலைச் சீவினேன். எண்பது பேருக்கும் சீவினேன். விரல் இரண்டு நாள் மணத்தது.

அந்தப் போட்டோவைப் பெரிதாகப் போட்டு எங்கள் வீட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறோம். குழந்தை என் கையில் இருக்கிறது. பக்கத்தில் ஹெலன், ரீகன், ரீகன் மனைவி, மாமனார், மாமியார். ஓரத்தில் ஜெர்லினும் இரண்டு பெண்களும். ஜெர்லின் தன் பக்கத்தில் ஒரு ஆள் நிற்க இடம் விட்டு நிற்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் குழந்தையைப் பார்ப்பார்கள், பிறகு அந்த இடத்தைப் பார்ப்பார்கள்.

"சகலையக் காணமே?"

"ஐஸ் வாங்கப் போயிருந்தான்" என்பேன்.

"ஏன், ஐஸ் வாங்கிக் குடுக்க வேற ஆளா இல்ல?"

அப்போது ஹெலன் என் முகத்தைப் பார்ப்பாள். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவர நான் உள்ளே போய்விடுவேன்.